புயலுக்கு வழி தெரியாத தீவு

கோஸ்மஸ் காடோருக்கு வேற்றுத் தீவுக்காரர்கள் என்றாலே இளக்காரம். பார்படோஸ்காரன் சுத்தக் கஞ்சன், டிரினிடாட்காரன் வெறும் வாய்ச்சவடால், டொமினிக்காக்காரன் தவளை பிடித்துத் தின்கிறவன். செயின்ட் வின்சென்ட்காரனைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார், அவ்வளவுதான், அவனுக்காக ஒரு வார்த்தை செலவழிக்க மாட்டார். கிரெனடாவில் பிறந்தவனை மட்டும்தான் கடவுள் நிதானமாக உட்கார்ந்து செய்தார் என்பது அவருடைய தீர்மானம்.

இதை அவர் ரம் கடையில் உட்கார்ந்துகொண்டு சும்மா சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தொழிலே. இருபத்தாறு வருஷமாகத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரர்களை வேனில் ஏற்றித் தீவைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பேர் உட்காரும் வெள்ளை வேன். இரண்டு பக்கமும் மஞ்சள் எழுத்தில் அவருடைய பெயர், அரைக் குருடனும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவில்.

முதல் வளைவு திரும்புவதற்குள் நாட்டைப் பற்றிய அறிமுகம் ஆரம்பித்துவிடும். “நூத்தி முப்பத்து மூணு சதுர மைல். ஒரு லட்சம் ஜனம். தேசியக் கொடியில ஜாதிக்காய் வெச்சிருக்கிற நாடு நாங்க ஒருத்தர்தான். உங்க வீட்டுக் கேக்குல வாசனை வருதே, அது இந்த மலையிலேர்ந்து வந்தது. ஒரு தரம் அமெரிக்காக்காரன் பட்டாளத்தோட வந்து இறங்கினான். பாவம், அவனுக்கும் இந்த ரோடு புரியல. சுற்றுலா வரைபடத்தைக் கையில வெச்சுக்கிட்டு முழிச்சான்.” சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கடைசி விஷயத்தைச் சொல்வார். “வடக்கே இருக்கிற தீவெல்லாம் வருஷா வருஷம் புயல்ல பறக்கும். எங்களுக்கு வராது. நாங்க அது போற பாதைக்குக் கீழே இருக்கோம்.”

இந்தக் கடைசி விஷயம் அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. எங்கள் தீவில் எல்லோரும் அதைத்தான் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் சொன்னோம், சர்ச் மேடையில் நின்று சொன்னோம், வீடு கட்டும்போது தச்சன் கூரையை இரும்புப் பட்டை போட்டு இறுக்கலாமா என்று கேட்டால் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னோம். ஐம்பத்தைந்தில் ஜேனட் என்று ஒரு புயல் வந்து ஆளையும் தோட்டத்தையும் வாரிக்கொண்டு போனதே என்று யாராவது வயசாளி முனகினால், அது வழி தப்பி வந்தது என்று வாயை அடைத்துவிடுவோம். கோஸ்மஸுக்கு அப்போது மூன்று வயது. அவருக்கு அது ஞாபகமில்லை, தனக்கு ஞாபகமில்லாத எதுவும் நடந்ததாக அவர் ஒப்புக்கொள்வதும் இல்லை.

2004 செப்டம்பர் ஆறு, திங்கட்கிழமை. ரேடியோவில் நேயர்கள் போன் செய்து பேசும் காலை நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் புயல் எச்சரிக்கையை வாசித்தார். ஐவன் என்று பெயராம், நாளைக்கு மத்தியானம் கரை தொடலாமாம், தண்ணீர் பிடித்து வைக்க வேண்டுமாம். கோஸ்மஸ் காபிக் கோப்பையை வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

“காலை வணக்கம், மோன் லூயி மலையிலேர்ந்து கோஸ்மஸ் காடோர் பேசறேன். ஏம்ப்பா காலங்காத்தால ஜனங்களைப் பயமுறுத்தறீங்க? அம்பது வருஷமா ஒரு புயலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. அதுக்கு இங்க வர வழியே தெரியாது. வழி கேட்டு என் வேன்ல ஏறினாத்தான் உண்டு.”

அறிவிப்பாளரே சிரித்துவிட்டார். அன்றைக்கு முழுக்க வட்டாரத்தில் இதே பேச்சு. எதிரே வந்த பஸ்காரன் ஹாரன் அடித்து, “என்ன அண்ணே, புயலை ஏத்தியாச்சா?” என்றான். பெட்ரோல் போடுகிறவன், “பின் சீட்டுல உட்கார வெச்சிருக்கீங்களா?” என்றான். கோஸ்மஸ் ஒவ்வொருவனுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து அதையெல்லாம் வரிசையாக மனைவி வெர்லினிடம் சொன்னார். முப்பத்து மூன்று வருஷமாக அவர் ஜோக்குக்குச் சிரித்துப் பழகியவள், சரி, இதற்கும் சிரித்து வைத்தாள்.

சிரிக்காதவள் மருமகள் ஃபிலோமின் ஒருத்திதான். அவள் டொமினிக்காவில் பிறந்தவள். மகன் டெரன்ஸ் கப்பலில் சமையல்காரன், போன இடத்தில் அவளைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தான். அவன் கடலில் இருந்தான், ஐந்து மாதக் குழந்தை ஜானெலோடு அவள் மாமனார் வீட்டில் இருந்தாள். எழுபத்தொன்பதில் டேவிட் என்ற புயல் அடித்தபோது அவளுக்கு ஒன்பது வயது. ஒரே மத்தியானத்தில் வீடும் போயிற்று, தம்பியும் போனான். அதைப் பற்றி அவள் யாரிடமும் நீட்டி முழக்கியதில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அவள் பாட்டுக்கு ஜன்னல்களில் பலகை அடித்தாள். தகரக் கூரையின் ஒரு பக்கத்தைக் கயிறு போட்டுத் தூணோடு கட்டினாள்.

கோஸ்மஸ் முற்றத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார். “என்னம்மா, கூரை என்ன ஆடா? அவுத்துக்கிட்டு மேயப் போயிடுமா?”

“போகும் மாமா. நான் பார்த்திருக்கேன்.”

“நீ பார்த்தது டொமினிக்காவுல. தவளை தின்கிறவன் வீட்டுக் கூரை தாவத்தான் செய்யும்.”

“நீங்க மட்டும் என்ன? மானிக்கூன்னு ஒண்ணு, வாலை மரத்துல சுத்திக்கிட்டுத் தொங்குது. பார்க்க எலி மாதிரியே இருக்கு. அதைப் பிடிச்சுக் குழம்பு வெச்சு, விரலை வேற சூப்பறீங்க. அதுக்குத் தவளை எவ்வளவோ தேவலை.”

வெர்லின் பக்கென்று சிரித்துவிட்டாள். இந்தச் சிரிப்பு கடமைக்குச் சிரித்தது இல்லை என்று கோஸ்மஸுக்குத் தெரிந்தது. கயிறு போதவில்லை, கூரையின் மறுபக்கத்துக்கு வேன் சாமான்களிலிருந்து ஒரு கயிறு வேண்டும் என்று ஃபிலோமின் கேட்டபோது, தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தேடாமலே தூங்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ரேடியோக்காரரின் குரலில் சிரிப்பு இல்லை. பள்ளிக்கூடங்களைத் திறந்து வைத்திருப்பதாகவும், மலைமேல் மர வீட்டில் இருப்பவர்கள் கீழே வந்துவிடும்படியும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஃபிலோமின் குழந்தையின் துணிகளைப் பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டு மாமனாரிடம் வந்தாள்.

“மாமா, வேன்ல எல்லாரும் கீழ பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாம். நீங்க, அத்தை, நான், பாப்பா. அது காங்க்ரீட் கட்டடம். புயல் வரலைன்னா சாயங்காலமே திரும்பி வந்துடலாம். அப்புறம் வருஷம் பூரா என்னைக் கேலி பண்ணுங்க, நான் வாயைத் திறக்கவே மாட்டேன்.”

இதைவிட நியாயமாக ஒருத்தி எப்படிப் பேசுவாள்? புத்தியுள்ளவன் சாவியை எடுத்திருப்பான். கோஸ்மஸுக்கோ யோசனை வேறு பக்கம் ஓடியது. மலையிலிருந்து பள்ளிக்கூடம் வரை சுற்றிப் போகிற ரோட்டில் ஆறு ரம் கடை. ஒவ்வொன்றின் வாசலிலும் பத்துப் பேர். நேற்று ரேடியோவில் அப்படிப் பேசியவன் இன்றைக்குக் காலையில் பெண்டாட்டி, மருமகள், மூட்டை முடிச்சோடு ஓடுகிறான் என்று அத்தனை பேரும் பார்ப்பார்கள். பெயரை வேறு மஞ்சள் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். மானம் கப்பலேறிவிடும்.

“இந்த வண்டி இன்னைக்கு நகராது,” என்று சொல்லி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொடுத்தார்.

“குழந்தை இருக்கு, கோஸ்மஸ்,” என்றாள் வெர்லின். “ரோட்டுல போனா நாலு மைல். குறுக்குவழியில இறங்கறதுன்னா என் முட்டி தாங்காது. கொண்டுபோய் விட்டுட்டு நீ மட்டும் திரும்பி வாயேன்.”

“யாரு உன்னை இறங்கச் சொன்னா? வீட்டுல உட்காரு. பாய்சியும் மத்தவனுங்களும் வரானுங்க. ஆயில் டௌன் சமைக்கப் போறேன், பெரிய சட்டியில. புயலுக்கும் ஒரு தட்டு எடுத்து வைப்போம்.”

ஃபிலோமின் குழந்தையைத் துணியால் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வெர்லின் வாசலில் நின்று அவளையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வந்து, பையைத் தூக்கித் தோளில் போட்டாள். கோஸ்மஸுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. இவள் இப்படிச் செய்கிறவளே இல்லை. அதற்குள் பக்கத்து வீட்டுப் பாய்சி இரண்டு பேரோடு, ஈரப்பலாக்காயும் ரம் புட்டியுமாக முற்றத்துக்கு வந்துவிட்டான். மூன்று பேர் முன்னால் சும்மா இருக்க முடியுமா?

“ஏய் வெர்லின், டொமினிக்காவுக்கு நடந்தே போறியா? வழியில தவளை கிடைச்சா எனக்கும் ஒண்ணு பிடிச்சு வை.”

மூவரும் சிரித்தார்கள். வெர்லின் திரும்பினாள். “உனக்கு வாயைத் தவிர ஒண்ணும் கிடையாது, கோஸ்மஸ். அதையும் இன்னைக்குக் காத்து கொண்டுபோகட்டும்.” ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வைத்து இறங்கிப் போனாள்.

அடுப்பை மூட்டினார்கள். அடியில் உப்புக்கண்டம், மேலே ஈரப்பலா, அதன்மேல் வாழைக்காய், எல்லாவற்றையும் மூடச் சேப்பங்கீரை. மஞ்சள் கரைத்த தேங்காய்ப்பாலை ஊற்றி மூடி போட்டார் கோஸ்மஸ். வேகிறவரை டோமினோ ஆடினார்கள். டொமினிக்காக்காரியைக் கட்டினால் இப்படித்தான், நல்ல பெண்டாட்டியையும் சேர்த்துக் கெடுத்துவிடுவாள் என்று கட்டையை மேஜையில் ஓங்கி அறைந்தார். பாய்சி ஆமாம் போட்டான், ஆனால் அவன் கண் ஆட்டத்தில் இல்லை. தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி நின்றதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டரைக்கு மழை சாய்வாக அடிக்க ஆரம்பித்தது. “அண்ணே, ஆட்டை அவுத்துவிட்டுட்டு இதோ வந்துடறேன்,” என்று பாய்சி எழுந்தான்.

“உங்கிட்ட எப்படா ஆடு இருந்துச்சு?”

“மச்சான் வீட்டு ஆடு,” என்று சொன்னபடியே போனான். மற்ற இருவருக்கும் ஆடு கூடத் தேவைப்படவில்லை. பொய் சொல்லவும் நேரமில்லாமல் போய்விட்டார்கள்.

கோஸ்மஸ் சட்டியைச் சமையல் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போய்த் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தார். நான்கு பேருக்கு மேல் சமைத்தது. பயந்தாங்கொள்ளிப் பசங்கள், போகட்டும், மிச்சமெல்லாம் எனக்கு என்று வீம்புக்கு இரண்டாவது தட்டும் போட்டுக்கொண்டார். சாப்பாடு இறங்கவில்லை. சட்டி மூடி எழும்பி, முற்றத்தைத் தாண்டி, பாய்சி வீட்டுப் பக்கம் பறந்தது. அதை எடுக்க எழுந்தவர், பாய்சி வீட்டின் கூரையே ஒரு முனையில் எழும்பி, மொத்தமாகத் திரும்பிக்கொண்டு மலைச் சரிவில் போவதைப் பார்த்தார். அப்போதும் அவருக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். மட்டமான ஆணி வாங்காதே என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன் இந்தக் கஞ்சனுக்கு.

பிறகு அவருடைய கூரை. ஃபிலோமின் கயிறு கட்டியிருந்த பக்கம் நின்றது. கட்டாத பக்கம் படபடவென்று அடித்து, கிழிந்து, தகரம் தகரமாகக் கழன்றது. கோஸ்மஸ் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு வேனுக்கு ஓடினார்.

நாலு மைலுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்று இடத்தில் இறங்கி மரக்கிளையை இழுத்துப் போட்டார். ஒரு இடத்தில் மின்கம்பம் பின் கண்ணாடியில் விழுந்தது. ஆறு ரம் கடை வாசலிலும் ஒரு ஆள் இல்லை, இரண்டு கடைகளில் வாசலே இல்லை. அவர் எதையும் சரியாகப் பார்க்கவும் இல்லை. உள்ளே நுழைந்ததும் என்ன சொல்வது என்பதைத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். வெர்லின் எல்லோர் முன்னாலும் ஏதாவது சொல்வாள். அவள் முந்திக்கொள்ளக் கூடாது.

பள்ளிக்கூடக் கதவை இரண்டு கையாலும் அறைந்தார். ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, அவரை உள்ளே இழுத்து, ஆறேழு பேர் முதுகைக் கொடுத்துக் கதவை மூடினார்கள். திறந்த அந்த ஒரு நொடியில் எதிர்ப்பக்கத்து ஜன்னல் ஒன்று சட்டத்தோடு பிய்ந்து விழுந்தது. இருநூறு பேர் இருப்பார்கள். ஒரு மூலையில் ஜெபப் பாட்டு, ஒரு மூலையில் குழந்தைகளின் அழுகை. கோஸ்மஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார்.

“வண்டி நனையக் கூடாதேன்னு ஓரமா நிறுத்த வந்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. கதவில் சாய்ந்திருந்த பாய்சி அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஃபிலோமின் வந்தாள், தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

“அத்தை வண்டியிலயா இருக்காங்க?”

“உன்கூடத்தானே வந்தா?”

“வந்தாங்க. வந்து ஒரு மணி நேரம் கூட ஒழுங்கா உட்காரல. ‘அந்த மனுஷன் வீம்புக்கே செத்துப்போவான், நான் போய்க் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்’னு கிளம்பிட்டாங்க. கையைப் பிடிச்சேன், உதறிட்டாங்க. பாப்பாவை வெச்சுக்கிட்டு என்னால பின்னாடி ஓட முடியல.” அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். “குறுக்குவழியிலதான் ஏறினாங்க மாமா. நீங்க பார்க்கலையா?”

“எப்போ?”

“ஒண்ணேகால் மணிக்கு.”

சுவரில் கடிகாரம் மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. அவள் முட்டியோடு அந்த ஏற்றம் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர் கூரை போய் வண்டியை எடுத்தபோது அவள் பாதி மலையில் இருந்திருப்பாள். ஜாதிக்காய் மரத்துக்கு வேர் மேலாகவே ஓடும், வருகிற வழியில் அது தோட்டம் தோட்டமாகப் பிடுங்கிக்கொண்டு சாய்வது அவர் கண்ணில் பட்டிருந்தது. அவள் ஏறிய பாதை முழுக்க ஜாதிக்காய் மரங்கள்தான்.

கோஸ்மஸ் கதவுக்குப் போனார். “திறங்கடா.”

“முடியாது மிஸ்டர் காடோர்,” என்றார் ஹெட்மாஸ்டர் பியர். அவரும் முதுகைக் கதவில் கொடுத்து நின்றிருந்தார். “உங்களை விட்டதுக்கே ஒரு ஜன்னல் போச்சு. இப்ப காத்து இன்னும் ஏறிடுச்சு. திறந்தா மறுபடி மூட முடியாது. உள்ள பூந்துச்சுன்னா கூரையைத் தூக்கிடும். குழந்தைங்க மட்டும் நாப்பது பேர்.”

“என் பெண்டாட்டி வெளிய இருக்கா.”

“தெரியும்.”

கோஸ்மஸ் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேர் அவர் கையைப் பிடித்து எடுத்துவிட்டார்கள், மரியாதையாகவே எடுத்துவிட்டார்கள். நேற்று ஊரே கேட்கப் பேசிய மனுஷன், திட்டக்கூட ஒரு சொல் அகப்படாமல் நின்றார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினார். யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

“மாமா,” என்றாள் ஃபிலோமின். “பாப்பா இங்க இருக்கா.”

அப்போது கதவு உள்பக்கமாக வளைந்தது. தண்ணீரில் கால் வழுக்கி ஒருவன் விழுந்தான், மேல் கீல் ஒன்று தெறித்துப் போய் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. “ஆள் வாங்க, ஆள் வாங்க,” என்று பியர் கத்தினார். எல்லோரையும்விடக் கிட்டே நின்றவர் கோஸ்மஸ்தான். சாவியைக் கீழே போட்டுவிட்டு, விழுந்தவனின் இடத்தில் முதுகைக் கொடுத்து, காலை ஊன்றித் தள்ளினார். கதவு மெல்ல மெல்லச் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது.

அவர் முதுகுக்குப் பின்னால், பலகைக்கு அந்தப் பக்கம், ஏதோ தட்டியது. கொஞ்சம் விட்டு மறுபடி தட்டியது.

“காத்துதான் அண்ணே,” என்றான் பக்கத்தில் நின்ற பாய்சி. அவன் அழுதுகொண்டிருந்தான்.

கோஸ்மஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.